அமைச்சரின் விடையும் காலிப் பணியிடமும்: டெல்டாவின் கேள்விகள் பேரவையில் என்ன ஆகின்றன?

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் காவிரி டெல்டாவில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னே தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல் நாள்கணக்கில் காத்துக் கிடந்து, அடிநெல் ஈரம் கோத்து முளைவிடத் தொடங்கும்போது, அதன் சொந்தக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: ஏன் இன்னும் எடுக்கவில்லை? அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களோ இரண்டு அவைகளில் இருக்கிறார்கள். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மத்திய அரசின் உணவுத் துறை வகுத்தது. அதை 22 சதவீதம் வரை தளர்த்தும்படி மாநில அரசு கேட்பதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும், ஆணை வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடுவதும் டெல்டாக்காரர்கள் பார்த்துப் பழகியவை. சாக்கு, சணல், எடை எந்திரம், பட்டியல் எழுத்தர், உதவுபவர், சுமைதூக்குவோர், மூட்டைகளைக் கிடங்குக்கு எடுத்துச் செல்லும் லாரி ஆகியவை தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு. அவற்றுக்கு விடையளிக்க வேண்டியவர் மாநில உணவுத் துறை அமைச்சர்.

இதில் கொள்கை ஒரு பாதி, ஆள் மறுபாதி. கொள்கை பற்றிய கேள்விகளுக்கு அமைச்சர்கள் விரிவாகவே விடை சொல்கிறார்கள். அந்தக் கொள்கையை நடத்தப்போகும் ஆட்கள் யார், எத்தனை பேர், அவர்களை யார் எந்த முறையில் நியமித்தார்கள், எத்தனை இடங்கள் எத்தனை காலமாகக் காலியாகக் கிடக்கின்றன என்ற கேள்விகளுக்குத்தான் விடை மெலிந்துபோகிறது. இதற்கு அமைச்சர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது என்பது என் கருத்து. கேள்வி எழுதப்படும் விதத்துக்கும், அதை எழுதும்படி உறுப்பினரிடம் கேட்கும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அமைச்சர் ஏன் விடை சொல்ல வேண்டும் என்பதற்கு அடிப்படை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மாநில அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது கூறு 164(2). மத்திய அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்புடையது என்கிறது கூறு 75(3). அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பதவி என்பதால், அவை கேட்டால் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கத்தைக் கேட்பதற்கென்று ஒதுக்கப்பட்ட நேரமே அன்றைய அமர்வின் முதல் ஒரு மணிநேரமான கேள்வி நேரம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் 2022 ஜனவரியிலிருந்து அது நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை சொல்வார். அதன்மேல் துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் விடை வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறுகின்றன. அதற்கான அறிவிப்பைக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்னரே கொடுத்திருக்க வேண்டும். வாய்மொழி விடையில்தான் சூடு இருக்கும். ஆனால் எண்ணும் பட்டியலும் வேண்டுமென்றால் எழுத்து விடைதான் பயன்படும். டெல்டாவின் பணியிடக் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்கு உரியவை என்பதால், தொலைக்காட்சியில் வராது என்று உறுப்பினர்கள் அதைப் புறக்கணிக்கக் கூடாது.

கேள்வி போகும் வழியைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். உறுப்பினர் எழுதிக் கொடுத்த கேள்வி பேரவைச் செயலகத்திலிருந்து தலைமைச் செயலகத்தின் துறைக்குப் போகிறது. துறையின் பிரிவு அலுவலர் அதைத் துறைத் தலைவருக்கு அனுப்புவார்; அங்கிருந்து மாவட்டத்துக்கு வரும். கொள்முதல் பற்றியதென்றால் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ உள்ள மண்டல அலுவலகத்தில் யாரோ ஒருவர் பதிவேட்டைப் புரட்டி எண்களைக் குறித்து அனுப்ப வேண்டும். திரும்பிப் போகும் வழியில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாக்கியம் திருத்தப்படும், ஒரு எண் விடுபடும். அமைச்சரின் கையில் சேரும் கோப்பில் விடையோடு, துணைக் கேள்வி எழுந்தால் சொல்ல வேண்டியவற்றுக்கான குறிப்பும் தைக்கப்பட்டிருக்கும். அவையில் அதிகாரிகள் தங்களுக்கான மாடத்தில் அமர்ந்திருப்பார்கள். குறிப்பில் இல்லாத துணைக் கேள்வி வந்தால் அங்கிருந்து ஒரு துண்டுச்சீட்டு அமைச்சரின் இருக்கைக்குப் போகும். சீட்டு போய்ச்சேரும் வரை அமைச்சர் கொள்கையைப் பேசிக்கொண்டிருப்பார். கொள்கையை மனத்திலிருந்து பேசிவிட முடியும், காலிப் பணியிடத்தின் எண்ணிக்கையை அப்படிப் பேச முடியாது. விடைகளில் கொள்கை மிகுந்து எண்கள் குறைவதற்கு இது ஒரு நடைமுறைக் காரணம்.

இன்னொரு காரணம் கேள்வியின் அமைப்பு. நம் பேரவையின் வினாப் பட்டியலில் பெரும் பகுதி ‘அரசு முன்வருமா?’ என்றே முடிகிறது. இந்த ஊரில் பாலம் கட்ட அரசு முன்வருமா, அந்த ஊரில் கொள்முதல் நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைக்க அரசு ஆவன செய்யுமா. கேள்வியின் சட்டை போட்டுக்கொண்டு வரும் கோரிக்கைகள் இவை. தொகுதி மக்களுக்குத் தம் உறுப்பினர் பேசினார் என்ற நிறைவு இதில் கிடைக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கோரிக்கைக்கு வரக்கூடிய விடைகள் சிலவே: நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும், சாத்தியக்கூறு ஆராயப்படும், கருத்துரு பெறப்பட்டதும் நடவடிக்கை எடுக்கப்படும். இவற்றுள் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. எதையும் வைத்து அடுத்த ஆண்டு அமைச்சரைப் பிடிக்கவும் முடியாது.

எடுத்துக்காட்டாக, மதகுகளை இயக்கும் பாசனப் பணியாளரான லஸ்கரைப் பற்றி, ‘வெண்ணாறு வடிநிலப் பகுதியில் லஸ்கர் பணியிடங்களை நிரப்ப அரசு முன்வருமா?’ என்று கேட்டால் பரிசீலனை என்ற விடை வரும். அதையே, ‘வெண்ணாறு வடிநிலக் கோட்டத்தில் அனுமதிக்கப்பட்ட லஸ்கர் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் காலியானவை எத்தனை, கடைசியாக நியமனம் நடந்த ஆண்டு எது, காலியிடங்களில் மதகுகளை இப்போது இயக்குபவர் யார்?’ என்று நான்கு உட்பிரிவாகக் கேட்டால் நான்குக்கும் தனித்தனியே விடை எழுதியாக வேண்டும். எண் ஒருமுறை அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு அதே கேள்வியைக் கேட்டு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

லஸ்கரை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லணையில் திறந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாகப் பிரிந்து, ஆறுகளிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் போவது மதகுகளும் ஷட்டர்களும் நேரத்துக்கு ஏற்றி இறக்கப்படுவதைப் பொறுத்தது. கரையில் நடந்து உடைப்பைப் பார்த்துச் சொல்வதும், முறைப் பாசனத்தின்போது இரவில் ஷட்டரை இறக்குவதும் லஸ்கரின் வேலை. அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படுவதில்லை என்பது விவசாயச் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. 2022-இல் டெல்டாவில் 80 கோடி ரூபாயில் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்பட்டன. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24 அன்று திறக்கப்பட்டது. தூர்வாரிய கிலோமீட்டருக்கும் செலவான கோடிக்கும் அவையில் கணக்குச் சொல்லப்படுகிறது. தண்ணீர் வந்த பிறகு அதைக் கடைமடை வரை பிரித்துக் கொடுக்க ஆள் எத்தனை என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டிய கணக்கு.

ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும், அதாவது அத்துறைக்கான நிதியைக் கேட்கும் கோரிக்கையும், விவாதத்துக்கு வரும் நாளில் அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைக்கிறார். துறையின் ஓராண்டுச் செயல்பாடு முழுவதும் அதில் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் அன்றைக்குத்தான் உறுப்பினரின் கைக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை அன்று காலையே படித்து, எந்த அட்டவணையில் என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துக் கேட்பது யாராலும் ஆகாத காரியம். முந்தைய ஆண்டின் குறிப்பை முன்கூட்டியே படித்துவிட்டு வருகிற உறுப்பினரே அமைச்சரை உண்மையில் விடை சொல்ல வைக்கிறார்.

கேள்விக்கே இடமில்லாத வழியும் பேரவை விதிகளில் உண்டு. விதி 110-இன் கீழ் ஓர் அமைச்சர் பொது முக்கியத்துவம் உள்ள பொருள் குறித்து அறிக்கை படிக்கலாம். அதன்மீது விவாதம் கிடையாது. மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகும் என்ற அறிவிப்பு 2020 மார்ச் 24 அன்று இந்த விதியின் கீழ்தான் வந்தது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியதில் மயிலாடுதுறை, சீர்காழி மக்களுக்கு மகிழ்ச்சி, அது நியாயமானதுதான். ஆனால் அறிவிப்பு நாளில் மாவட்டம் ஒரு வாக்கியமாக மட்டுமே இருந்தது. தனி அலுவலர் நியமிக்கப்பட்டு, எல்லைகள் வரையப்பட்டு, டிசம்பர் 28 அன்றுதான் மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாவட்டம் என்பது நியமனங்களின் கோவை. எந்தத் துறைக்கு எத்தனை பணியிடம், அவை புதிதாக உருவாக்கப்பட்டவையா, நாகப்பட்டினத்திலிருந்து பிரித்துத் தரப்பட்டவையா என்பதை அறிவிப்பு நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். விதி அதற்கு இடம் தரவில்லை.

நியமனத்தைச் சட்டமன்றம் கேள்வி கேட்பது இந்த மாநிலத்துக்குப் புதிது அல்ல. கேள்வி கேட்கும் உரிமையே 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-இல் சேர்ந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வேளாண்மை இந்திய அமைச்சரிடம் வந்தது, பாசனமோ ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினரிடமே இருந்தது. அன்றைய தஞ்சை ஜில்லாவின் பயிருக்கு ஒருவர் விடை சொல்வார், அதற்குப் பாயும் தண்ணீருக்கு வேறொருவர் விடை சொல்வார். சென்னை மாகாணச் சட்டசபையின் பெரிய விவாதங்களில் ஒன்று அரசு வேலை யாருக்குப் போகிறது என்பது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வெளியான வகுப்புவாரி ஆணை, எந்தெந்தச் சமூகத்தாருக்கு எத்தனை நியமனம் என்ற கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறை துறைகள் அனுப்ப வேண்டும் என்றது. நியமனத்தை எண்ணாக்கி வெளியே வைத்தால்தான் அதைக் கேள்வி கேட்க முடியும் என்று அன்றே உணர்ந்திருந்தார்கள். 1929-இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் பணித் தேர்வாணையம் அமைந்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான். இன்றைய டிஎன்பிஎஸ்சி அதன் வழிவந்தது.

நியமனம் என்றதும் எல்லாவற்றுக்கும் அமைச்சர் ஒரே மாதிரி விடை சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் அமைச்சர் தலையிடக் கூடாது. அதனால் ‘இன்னாரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவும் கூடாது. ஆனால் எத்தனை காலியிடங்கள் ஆணையத்துக்கு அறிவிக்கப்பட்டன, எப்போது அறிவிக்கப்பட்டன, அறிவிக்காமல் வைத்திருப்பவை எத்தனை ஆகியவை முழுக்க முழுக்க அரசின் பொறுப்பு. தேர்வு தாமதமாகிறது என்று ஆணையத்தைக் கைகாட்டும் விடைகளில் பாதி, துறை பட்டியலை அனுப்பவே தாமதித்த கதையாக இருக்கலாம். அதைக் கேட்டால்தான் தெரியும்.

ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் கூறு 316-இன்படி ஆளுநர். பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியதோ அது. நடைமுறையில் பெயர்களைத் தருவது மாநில அரசு. 2016 ஜனவரி இறுதியில் ஒரே ஆணையில் 11 பேர் உறுப்பினர்களாக நியமிக்கப்பட்டபோது, அவர்கள் எந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்ற கேள்வி நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் அந்த நியமனங்களை ரத்து செய்தது. 2023-இல் தலைவர் பதவிக்கு அரசு அனுப்பிய பெயரை ஆளுநர் ஏற்காமல் திருப்பினார். இரண்டு நிகழ்விலும் தேர்வு முறை என்ன என்பதே மையக் கேள்வி. அது முதலில் எழுந்திருக்க வேண்டிய இடம் பேரவை. இரண்டிலும் முடிவு பேரவைக்கு வெளியில்தான் நடந்தது. எழுத்தரையும் கிராம நிர்வாக அலுவலரையும் தேர்வு எழுத வைக்கும் அமைப்புக்கு, அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையான ஆசை அல்ல.

பல்கலைக்கழகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகியிருக்கிறது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் முன்னர் நடந்த ஆசிரியர் நியமனங்கள் பற்றிய சர்ச்சை, 2024 நவம்பரில் துணைவேந்தரையே வேந்தரான ஆளுநர் பணியிடைநீக்கம் செய்யும் அளவுக்கு வந்தது. கும்பகோணத்தில் புதிய பல்கலைக்கழகம் அமையும் என்று 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டு, முதலமைச்சரே வேந்தர் என்ற ஏற்பாட்டோடு மசோதாவும் அதே மாதம் நிறைவேறியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். பேரவைக்கு விடை சொல்பவர் அமைச்சர், கையெழுத்து ஆளுநருடையது. நியமனம் ஏன் தாமதம் என்று கேட்டால் அமைச்சர் ஆளுநர் மாளிகையைக் காட்டுவார். ஆளுநர் மாளிகையிலிருந்து பேரவையில் விடை சொல்ல எவரும் வர மாட்டார்கள். இதனால் இழப்பு ஆய்வு மாணவருக்கும் பட்டத்தில் கையெழுத்துக்காகக் காத்திருப்பவருக்கும்தான்.

காவிரி மேலாண்மை ஆணையத்தின் தலைவர் நியமனம் டெல்டாவுக்கு இதைவிட நெருக்கமானது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டிஎம்சி என்று வரையறுத்த பிறகு, அந்த ஆண்டு ஜூனில் ஆணையம் அமைந்தது. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளுக்கு முழுநேரத் தலைவர் இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் தலைவரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். தண்ணீரின் அளவு தீர்ப்பில் இருக்கிறது, அதை மாதந்தோறும் வாங்கித் தர வேண்டிய நாற்காலியில் முழுநேரம் உட்கார ஆளில்லை. இந்த நியமனத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் மத்திய நீர்வள அமைச்சர் என்பதால், கேள்வி தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மக்களவை உறுப்பினர்களிடமிருந்தும் மாநிலங்களவையிலிருந்தும்தான் போக முடியும். பேரவையில் கேட்டால் மாநில அமைச்சர் வருத்தம் தெரிவிக்கலாம், கடிதம் எழுதியதைச் சொல்லலாம். காரைக்கால் விவசாயிக்கு வேறு அவை. ஐந்து தொகுதிகள் வழியாக அவருடைய கேள்வி புதுச்சேரிப் பேரவைக்குப் போகிறது, அதே காவிரியின் ஏழு டிஎம்சிக்காக.

நன்றாக வேலை செய்த ஒரு விடையையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் தொடக்கத்தில், நிலக்கரி எடுக்க ஏலம் விடப்படும் பகுதிகளின் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்தின் வடசேரியும் அரியலூரின் மைக்கேல்பட்டியும் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதியும் இருப்பது தெரியவந்தபோது, பேரவையில் உறுப்பினர்கள் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தானும் டெல்டாக்காரன்தான் என்று சொல்லி, அனுமதி தரப்படாது என்று முதலமைச்சர் ஐயத்துக்கு இடமின்றி விடை சொன்னார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு அங்கே எழவில்லை. அடுத்த சில நாட்களிலேயே அந்தப் பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்படும் என்று மத்திய அமைச்சர் அறிவித்தார். 2020 பிப்ரவரியில் இதே பேரவை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருந்ததால் அந்த விடைக்குப் பின்னால் வலு இருந்தது. கேள்வி குறிப்பானது, விடையளிக்கும் அதிகாரம் தெளிவானது, ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டிய பொருள் அது.

பரிசீலிக்கப்படும் என்ற விடைக்கும் ஒரு பின்தொடர்ச்சி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நாடாளுமன்றத்தில், ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதே உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டிய பட்டியலில் சேர்கிறது. தமிழ்நாட்டின் குழுவும் மாவட்டங்களுக்கு வருகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நடத்துகிறது, இடங்களைப் பார்வையிடுகிறது. செய்தித்தாளில் ஒரு படத்தோடு அது முடிந்துவிடுவதால், எந்த ஆண்டு எந்த அமைச்சர் கொடுத்த எந்த வாக்கு என்று ஊர்க்காரர் யாரும் கையில் தாளோடு போய் நிற்பதில்லை. ஆட்சியர் அலுவலகத்தின் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்துக்கு முளைத்த நெல்லைக் கையில் ஏந்திப் போகிற அதே விவசாயிகள், இந்தக் குழுவின் முன்னும் நிற்கலாம். குறைதீர் கூட்டத்தில் ‘அரசுக்குக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்று அதிகாரி சொல்லும் இடத்தோடு அவருடைய அதிகாரம் முடிகிறது. அந்தக் கருத்துரு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு.

டிஎன்பிஎஸ்சியின் ஆண்டறிக்கையும், ஆணையத்தின் ஆலோசனையை அரசு ஏற்காத நேர்வுகளுக்கான காரண விளக்கமும் கூறு 323-இன்படி பேரவையில் வைக்கப்பட வேண்டியவை. எந்தத் துறை ஆலோசனையைத் தள்ளியது, ஏன் என்பதை அறிய வேறு ஆவணம் தேவையில்லை. அதைப் படித்துத் துணைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்தான் தேவை. டெல்டா தொகுதிகளுக்கு இதில் ஒரு காலக்கணக்கும் இருக்கிறது. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரி மானியக் கோரிக்கைகள் வழக்கமான ஆண்டுகளில் மார்ச், ஏப்ரலில் வருகின்றன. தூர்வாரும் பணிக்கான ஒப்பந்தங்களும் அதே மாதங்களில் போகின்றன. மேட்டூர் திறப்பு ஜூனில். லஸ்கர் எத்தனை, உதவிப் பொறியாளர் எத்தனை, கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பணியாளர் தேர்வு எந்த முறையில் என்று எண் கேட்கும் கேள்விகளைப் பாசனச் சங்கங்கள் பிப்ரவரிக்குள் உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டால், அறிவிப்பு கொடுக்கவும் விடை வரவும் நாள் இருக்கும். தண்ணீர் கல்லணையைத் தாண்டுவதற்குள் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கலாம்.